சம்பந்தியும் பங்காளியும்

சித்திரை பிறந்துவிட்டால் மதுரைக்காரர்கள் ஒரு வரியைப் படிக்காமல் தப்ப முடியாது: ‘சைவ, வைணவ ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக விளங்கும் சித்திரைத் திருவிழா.’ எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் இருக்கும். டி.வி. நேரலையில் வர்ணனை செய்பவர் சொல்ல ஒன்றும் கிடைக்காத நேரத்திலெல்லாம் இதைச் சொல்லி நிரப்புவார். எனக்கு அந்த வரியோடு நெடுநாளாக ஒரு தகராறு உண்டு. அழகர் மலையிலிருந்து இறங்கி வருகிறார், வைகையில் இறங்குகிறார், வண்டியூர் போகிறார், மறுபடி மலைக்குத் திரும்புகிறார். இத்தனையிலும் அவர் ஒருமுறைகூட மீனாட்சியைப் பார்ப்பதில்லை. மீனாட்சியும் ஆற்றங்கரைக்கு வந்து அண்ணனை எட்டிப் பார்ப்பதில்லை. ஒரே ஊர், ஒரே மாதம், இரண்டு பக்கமும் நெருக்கியடிப்பது ஒரே ஜனம். சாமிகள் மட்டும் சந்திப்பதே கிடையாது. இதை எந்தக் கணக்கில் ஒற்றுமை என்று எழுதுகிறார்கள்?

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தங்கச்சி மீனாட்சிக்குக் கல்யாணம். அண்ணன் அழகர் சீரோடு கிளம்புகிறார். வழியெங்கும் மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் நின்று நின்று வருவதற்குள் நேரமாகிவிடுகிறது. ஆற்றுக்குள் இறங்கும்போது கல்யாணம் முடிந்த சேதி வருகிறது. வந்ததே கோபம்! ஊருக்குள் நுழையாமல் அப்படியே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார்.

கோயில்காரர்களிடம் போய் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். துர்வாசர் சாபத்தால் தவளையாகிப்போன மண்டூக முனிவருக்கு விமோசனம் கொடுக்கத்தான் பெருமாள் வருகிறார், கல்யாணத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பார்கள். பழைய நடைமுறையும் அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. முன்காலத்தில் அழகர் ஆற்றில் இறங்கியது மதுரையில் அல்ல, மேற்கே தேனூரில். மீனாட்சி கல்யாணம் நடந்தது மாசியில். கல்யாணத்தைச் சித்திரைக்கும் ஆற்றில் இறங்குவதை மதுரைக்கும் கொண்டுவந்து இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் திருமலை நாயக்கர் (1623–1659). மாசி அறுவடைக் காலம், தேர் இழுக்க ஆள் சேராது என்பதால் மாற்றினார் என்று ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள். மண்டூக முனிவருக்கு விமோசனம் நடக்கும் மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றே பெயர். இடம் போனாலும் தேனூர்க்காரர்கள் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆக, ராஜா செய்தது தேதியையும் இடத்தையும் நகர்த்தியது மட்டும்தான். இரண்டு திருவிழாவும் கலக்கவில்லை; கொடியேற்றம் தனி, பட்டர்கள் தனி, ஆகமம் தனி. அந்த இடைவெளியில் உறவு கட்டியது ஜனங்கள். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே ஊரில் ஒரே வாரத்தில் விசேஷம் வைத்தால், அவர்களுக்குள் என்ன முறை என்று கேட்கத்தானே தோன்றும்? அண்ணன் தங்கச்சி என்றார்கள். சிவன் மாப்பிள்ளை, பெருமாள் மச்சான். சரி, அப்படியானால் ஏன் பார்த்துக்கொள்வதில்லை? கோபம். குடும்பம் என்றால் கோபம் இல்லாமலா?

அப்படியென்றால் மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பது யார்? கம்பத்தடி மண்டபத் தூணில் பெருமாள் நின்று தாரை வார்க்கிற சிற்பத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அந்த வேலைக்கு வருகிறவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். முருகனும் தெய்வானையும் அப்பா அம்மா கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, தாய்மாமனும் கூடவே கிளம்பி வந்துவிடுகிறார். பரங்குன்றத்துக் குடைவரையில் சிவனும் பெருமாளும் எதிரெதிரே இருக்கிறார்கள். அது 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. அங்கே ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலாக ஒரே பாறைக்குள் இரண்டு பேரும். இருந்தும் ஜனங்களின் மனசில் நின்றவர் நேரத்துக்கு வந்து கடமையைச் செய்கிற பெருமாள் இல்லை, லேட்டாக வந்து கோபித்துக்கொண்டு போகிற பெருமாள்தான். நம் ஊர் கல்யாணங்களிலும் முறைத்துக்கொண்டு போன மாமாவைப் பற்றித்தானே பேச்சு நடக்கும்.

என் அப்பத்தா மேலூர்ப் பக்கம். நெற்றியில் எப்போதும் திருநீறுதான். காலையில் எழுந்ததும் ‘சிவசிவா’ என்றுதான் உட்காருவார். அவரிடம் யாராவது ‘நீங்க சைவமா’ என்று கேட்டிருந்தால், ‘கறி திங்கிறமே, எங்கிட்டுச் சைவம்’ என்றிருப்பார். குலசாமி பதினெட்டாம்படிக் கருப்பன். கருப்பன் காவல் காக்கிற வீடு அழகர் வீடு. அதனால் அழகரும் நம்ம சாமி. இதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை. சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள் சொம்பில் நாட்டுச்சர்க்கரையை நிரப்பி, வாழை இலையால் வாயை மூடிக் கட்டி, மேலே சூடம் வைக்கத் தயாராக எடுத்துக்கொள்வார். தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு, தங்கக் குதிரை மேல் அழகர் விடியற்காலையில் ஆற்றை நோக்கி வரும்போது அந்தச் சூடம் எரியும். சுற்றிலும் கருப்பன் வேஷம் கட்டியவர்கள் தோல் பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். அழகர் கள்ளர் வேஷத்தில் ஊருக்குள் வந்தவர். கொண்டை, கடுக்கன், கையில் வளைதடி. இந்த நகரில் நாமம் போட்டவர்கள் எத்தனை, பட்டை போட்டவர்கள் எத்தனை என்று அந்தக் கூட்டத்தில் நின்று எண்ண முடியாது. தண்ணீர் பீய்ச்சியதில் எல்லார் நெற்றியும் அழிந்துபோயிருக்கும்.

அழகர்கோயிலுக்கே போய்ப் பார்த்தால் அங்கே இன்னும் வேடிக்கை. ஆழ்வார்களின் நாலாயிரத்தில் பாடப்பட்ட திவ்யதேசம். உள்ளே ஆகம ஒழுங்கு, துளசி தீர்த்தம், சடாரி. கோபுர வாசலில் மூடிய கதவு. அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, கருப்பன் என்று கும்பிடுகிறார்கள். உருவம் கிடையாது. அரிவாள் நேர்ந்துகொள்வதும் கெடா நேர்ந்துகொள்வதும் அவருக்கு. அப்புறம் அதே மலையில் ஏறினால் பழமுதிர்சோலை முருகன். அதற்கும் மேலே நூபுர கங்கையில் ராக்காயி அம்மன். அழகருக்குத் திருமஞ்சனம் செய்ய அந்த நூபுர கங்கைத் தண்ணீர்தான் வேண்டும். நாங்கள் போனால் கருப்பனிடம் ஆரம்பித்து, அழகரைப் பார்த்து, மலை ஏறி இறங்கி, கடைசியில் கோயில் தோசை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவோம். தோசை என்றால் ஓட்டல் தோசை இல்லை. நெய் ஊற்றித் தடிமனாகச் சுட்டது, மிளகு சீரகம் போட்டது, ஆறினால் நன்றாக இறுகிவிடும். ஆனாலும் மறுநாள் வரை கெடாது. பெருமாள் பிரசாதத்தைத் திருநீறு பூசிய அப்பத்தா பிட்டுப் பிட்டுத் தெருவுக்கே கொடுப்பார்.

‘அரியும் சிவனும் ஒண்ணு, அறியாதவன் வாயில மண்ணு’ என்று ஒரு சொலவடை இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் யாரும் அதை நம்பி நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒண்ணாக இருந்தால் அழகர்கோயிலில் திருநீறு கேட்டுப் பாருங்களேன். ஒண்ணு என்பதால் கட்டிய உறவு இல்லை இது. வேறு வீடு என்பதால்தான் சம்பந்தம் பண்ண முடிந்தது. தன் வீட்டிலேயே யாரும் பெண் எடுப்பதில்லை. சமயபுரத்திலும் இதே கணக்குதான். தைப்பூசத்துக்கு மாரியம்மன் கொள்ளிடத்துக்கு வருவாள். அண்ணன் ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் கோயிலிலிருந்து அவளுக்குப் பட்டும் மாலையும் பழமுமாகச் சீர்வரிசை யானை மேல் வரும். ஸ்ரீரங்கத்தை விட கறாரான வைணவக் கோயில் எது? அங்கிருந்து மாரியம்மனுக்குச் சீர் போகிறது. தத்துவத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று ஆச்சாரியர்கள் பேசிக்கொள்ளட்டும். பிறந்த வீட்டுச் சீர் வந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

சம்பந்தி வீட்டோடு முறைப்பு வரும், பேச்சுவார்த்தை நிற்கும். ஆனால் கோர்ட்டுக்குப் போவது பெரும்பாலும் பங்காளிகள்தான். ஒரே தாத்தா சொத்து, ஒரே வரப்பு, ஒரே கிணறு. மதப்பிரிவுகளிலும் நான் பார்த்தவரை அப்படித்தான். வடகலையும் தென்கலையும் ஒரே பெருமாள், ஒரே ராமானுஜர், ஒரே நாலாயிரம். பிரிந்தது எங்கே? சரணாகதி செய்கிறவன் தன் பங்குக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா என்பதில். குரங்குக் குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்கிறது, பூனைக் குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது என்று இரண்டு பக்க வாதத்தையும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இப்படிப் பதினெட்டு வேறுபாடுகளை எண்ணி வைத்திருக்கிறார்கள். அவற்றில் பல நிஜமாகவே ஆழமான கேள்விகள். லட்சுமி மோட்சம் கொடுக்கக்கூடியவளா, சிபாரிசு மட்டும் செய்கிறவளா என்று ஒரு விவாதம் இருக்கிறது. அதை நிதானமாகப் படித்தால் நேரம் போவதே தெரியாது.

ஆனால் காஞ்சி வரதராஜர் கோயிலில் கைகலப்பு வருவது பூனைக் குட்டியாலா? வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கோர்ட்டில் நடப்பது, பெருமாள் முன்னால் முதலில் யார் நின்று சேவிப்பது, தென்கலையாரின் ‘ஸ்ரீசைலேச தயாபாத்ரம்’ சொல்வதா வடகலையாரின் ‘ராமானுஜ தயாபாத்ரம்’ சொல்வதா, யானை நெற்றியில் பாதம் வைத்த நாமமா, பாதம் இல்லாத நாமமா என்பதுதான். இன்றைக்கும் புறப்பாட்டு நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுமுள்ளு நடக்கிற வீடியோ வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பக்கம் ஏகாம்பரநாதர் கோயிலோடு இவர்களுக்கு ஒரு வம்பும் கிடையாது.

சைவமும் வைணவமும் எப்போதும் சம்பந்தியாகவே இருந்தன என்று சொன்னால் அது பொய். பேயாழ்வார் திருமலையில் சடையும் முடியும், மழுவும் சக்கரமும் ஒரே உருவில் இசைந்திருக்கக் கண்டு பாடினார். திருமழிசையாழ்வார் சிவனடியார்களைச் ‘சிறியார்’ என்றார். இரண்டும் அதே நாலாயிரத்தில்தான் இருக்கின்றன. எங்கே இடம் பங்குபோட வேண்டி வந்ததோ அங்கே சம்பந்தியும் பங்காளி ஆகிவிட்டார்.

புதுக்கோட்டைப் பக்கம் திருமயம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரே குன்று, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடைவரை, சத்தியகிரீஸ்வரர், சத்தியமூர்த்திப் பெருமாள். 13ஆம் நூற்றாண்டில் இரண்டு கோயிலாருக்கும் நிலத்திலும் வரும்படியிலும் தகராறு முற்றியது. 1245இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ணன் முன்னிலையில் பஞ்சாயத்து நடந்தது. வரும்படியைப் பிரித்தார்கள், நடுவில் சுவர் எழுப்பினார்கள், அதைக் கல்லிலும் வெட்டினார்கள். எனக்கு அந்தக் கல்வெட்டின் மேல் பெரிய மரியாதை. ‘எல்லாம் ஒன்றே’ என்று உபதேசம் செய்யாமல் ஒழுங்காகப் பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் இரண்டு கோயிலிலும் விளக்கு எரிகிறது.

சிதம்பரத்தில் அந்தச் சுவர் இல்லை. நடராஜர் சபைக்குப் பக்கத்திலேயே கோவிந்தராஜர் பள்ளிகொண்டிருக்கிறார். ஒரே இடத்தில் நின்று, இப்படிப் பார்த்தால் ஆடுகிறவர், அப்படித் திரும்பினால் படுத்திருக்கிறவர். குலசேகராழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தில்லைத் திருச்சித்திரகூடம் அது. சுற்றுலா வழிகாட்டிகள் இங்கேயும் அந்த ‘ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு’ வரியைச் சொல்வார்கள். நடந்தது என்னவென்றால், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் கோவிந்தராஜரைப் பெயர்த்துக் கடலில் போட்டான். எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று தள்ள முடியாது. அவனுடைய அரசவைப் புலவர் ஒட்டக்கூத்தரே பெருமையாகப் பாடியிருக்கிறார். உற்சவர் திருப்பதிக்குப் போய்ச் சேர, ராமானுஜர் அங்கே பிரதிஷ்டை செய்தார் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. கீழ்த்திருப்பதி கோவிந்தராஜர் கோயிலின் கதை அது. சிதம்பரத்தில் மறுபடி பெருமாளை எழுந்தருளச் செய்தது 1539இல் விஜயநகரத்து அச்சுதராயர். அதோடும் முடியவில்லை. 1597இல் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் பெருமாள் சன்னிதித் திருப்பணியை ஆரம்பித்தபோது, எதிர்ப்பாக நடராஜர் கோயில் அர்ச்சகர்களான தீட்சிதர்கள் கோபுரத்தின் மேலேறிக் குதித்து உயிரை விட்டார்கள். அப்போது அந்த வழியாக வந்த பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார் இதை எழுதி வைத்திருக்கிறார். கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வந்துவிடுகிறது. அண்ணாந்து பார்த்தால் உயரம் தெரியுமே, அங்கிருந்து.

இப்போது உயிர் போவதில்லை, வக்கீல் ஃபீஸ் போகிறது. கோவிந்தராஜருக்குப் பிரம்மோற்சவம் நடத்தலாமா கூடாதா, கொடிமரத்தை எப்படி மாற்றுவது என்று வழக்கு. நடராஜர் கோயில் நிர்வாகம் அரசுக்கா தீட்சிதர்களுக்கா என்பது வேறு வழக்கு. 2014இல் உச்ச நீதிமன்றம் தீட்சிதர்களைத் தனிச் சமயப்பிரிவாக ஏற்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், தனிப்பிரிவு என்றால் உள்ளே சில உரிமைகள் கிடைக்கும். நாங்கள் இந்துக்களே இல்லை என்றால் கிடைக்காது. குஜராத்தின் சுவாமிநாராயண் சத்சங்கிகள் அப்படிச் சொல்லிப் பார்த்தார்கள், 1966இல் உச்ச நீதிமன்றம் ‘நீங்களும் இந்துக்கள்தான்’ என்று சொல்லிவிட்டது. ராமகிருஷ்ண மிஷனுக்கும் 1995இல் அதே பதில்தான். தனிக்குடித்தனம் போகலாம், ரேஷன் கார்டு மட்டும் பழைய வீட்டிலேயே இருக்கும்.

சத்சங்கிகள் வழக்கின் அடியில் கிடந்தது என்ன தெரியுமா? தங்கள் கோயிலுக்குள் தலித்துகளை விடக்கூடாது என்பது. பிரிவுகளின் பன்முகத்தன்மை என்று நாம் மெச்சிப் பேசும்போது இது நைசாக விடுபட்டுப்போகிறது. அழகரும் மீனாட்சியும் உறவு என்று பாடிய இதே மதுரையில், 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத அய்யர் அழைத்துப்போகும் வரை தலித்துகளும் நாடார்களும் மீனாட்சி கோயிலுக்குள் போக முடியவில்லை. சைவமும் வைணவமும் எத்தனையோ விஷயத்தில் முரண்டு பிடித்துக்கொண்டாலும், யாரை வாசலில் நிறுத்துவது என்பதில் அவற்றுக்குள் கருத்து வேறுபாடே இருந்ததில்லை. இந்த ஒற்றுமையைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது.

படித்தவர்கள் சண்டையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 16ஆம் நூற்றாண்டில் அப்பய்ய தீட்சிதர் என்று ஆரணிப் பக்கம் அடையபலத்துக்காரர். சிவனே பரம்பொருள் என்று நிறுவுவதற்காகவே கட்டுக்கட்டாக எழுதியவர். வைணவ வித்வான்களோடு அவர் போட்ட சண்டைகளுக்கு ஏகப்பட்ட கதைகள் உண்டு. அதே மனிதர், வைணவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் வேதாந்த தேசிகரின் ‘யாதவாப்யுதயம்’ என்ற கிருஷ்ண காவியத்துக்கு உட்கார்ந்து உரை எழுதியிருக்கிறார். மட்டம் தட்டுவதற்காக எழுதவில்லை, ரசித்து எழுதியிருக்கிறார். தேசிகரை மறுத்துக்கொண்டே அவர் கவிதையை அனுபவிக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. இன்றைக்குச் சமூக வலைத்தளத்தில் திருநீற்றுக்கும் நாமத்துக்கும் சண்டை போடுகிற பையன்கள் எதிர்த்தரப்பின் ஒரு பாட்டையாவது முழுதாகப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

எங்கள் வீட்டிலேயே இது ஒருமுறை பரீட்சைக்கு வந்தது. பெரியப்பா மகனுக்குப் பார்த்த பெண் வீடு, தலைமுறை தலைமுறையாக நாமக்காரர்கள். தாத்தா காலத்தில் சிவன் கோயில் வாசலில்கூட நிற்க மாட்டார்களாம். பத்திரிகை அடிக்க உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் மேலே ‘சிவமயம்’ போடுவது வழக்கம். அவர்கள் பக்கம் ‘ஸ்ரீராமஜெயம்’. பெண்ணின் அப்பா மெல்ல இழுத்தார். “தப்பா நினைக்காதீங்க சம்பந்தி, எங்க ஐயா இருந்திருந்தா...” பெரியப்பா அவரை முடிக்கவே விடவில்லை. “அதெல்லாம் ஒரு பிரச்சினையா சம்பந்தி? நடுவுல பிள்ளையார் சுழி. அந்தப் பக்கம் உங்க சாமி, இந்தப் பக்கம் எங்க சாமி.” பிள்ளையாருக்கு ஒப்புக்கொள்வார்களா என்று நான் பயந்தேன். அவர் சிரித்துவிட்டார். “அவரு எங்களுக்குத் தும்பிக்கை ஆழ்வாருங்க!” காபி ஆறுவதற்குள் விஷயம் முடிந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை நெற்றியில் அவர்கள் திருமண் இட்டபோதும் எங்கள் பக்கம் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

அதே பத்திரிகையில் கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பட்டியல் இருக்குமே, அதில்தான் வந்தது வினை. எங்கள் சித்தப்பா பெயர் முதல் வரிசையில் வரவில்லை. வயதுப்படி போட்டோம் என்று பெரியப்பா சொல்கிறார். சொத்து பிரிக்கும்போது வயது பார்த்தீர்களா என்று சித்தப்பா கேட்கிறார். அச்சாபீஸில் அடித்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அடித்தோம். அதில் சித்தப்பா பெயர் மேலே வந்தது, ஆனால் பெயருக்குப் பின்னால் ஓய்வு பெற்ற உத்தியோகம் விட்டுப்போயிருந்தது. அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. சமாதானம் பேசப் பெண் வீட்டுக்காரர்தான் பழத்தட்டோடு போனார். “சம்பந்தி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல” என்று சொல்லி, தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார் சித்தப்பா. பெரியப்பாவோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.